பிலோமினா அக்கா பாடாமல் விட்ட இடம்

செவ்வாய்க்கிழமை காலை, பிக்கரிங் ரெயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. திரையில் மெலனியின் பெயர். மெலனி செய்தி அனுப்புகிற பிள்ளை, அழைக்கிற பிள்ளை அல்ல. எடுக்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது.

"வசி அன்ரி, அம்மா போயிட்டா. நான் பக்கத்தில இருந்தனான். ஷீ வாஸ் நொட் இன் பெயின், அன்ரி. ஐ ப்ரொமிஸ்."

நான் "ஓம்" என்றேன். அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருக்க, ஆறுதலாக ஒரு சொல் சொல்லத் தெரியாமல் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். ரெயில் வந்து போனது. அடுத்ததும் வந்து போனது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கையைத் தொட்டு, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டார். அடுத்த ரெயிலுக்கு நிற்கிறேன் என்றேன்.

மத்தியானம் வானொலிகள் சொல்லத் தொடங்கிவிட்டன. ரொக், சோல் இசையுலகின் பெரும் குரல்களில் ஒன்று ஓய்ந்தது; பாடகி பிலோ, வயது அறுபத்து மூன்று. நான் வேலை செய்கிற பல் மருத்துவ நிலையத்தின் கூடத்திலும் அவருடைய பாட்டுத்தான் போனது. காத்திருந்த ஒருவர் காலால் தாளம் போட்டார். அந்தப் பாட்டின் உச்சத்தில் கேட்கிற குரல் எதிரே பதிவேட்டு மேசையில் இருக்கிற, கண்ணாடி போட்ட இந்த மனிசியினுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தக் கதையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உலகத்துக்கு அவர் பிலோ. எனக்கு பிலோமினா அக்கா.

நான் கனடாவுக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ரெக்ஸ்டேலில், அண்ணையின் ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் இருந்தேன். வந்த மூன்றாம் கிழமையே, விமான நிலையத்துக்குக் கிட்டவிருந்த ஒரு பெரிய ஹோட்டலில், உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை கிடைத்தது. நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான மண்டபம். நூற்றுக்கணக்கான கட்டில் விரிப்புகள் சூடான உருளைக்குள்ளால் போய் மறுபக்கம் வரும். இரண்டு பேர் இரண்டு தலைப்பிலும் பிடித்து, கிட்ட வந்து, மடித்து, விலகி, மறுபடி கிட்ட வர வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணினால் விசர் பிடிக்கும்.

முதல் நாள் நான் விரிப்பைப் பிடிக்கத் தெரியாமல் நின்றபோது எதிரிலிருந்து ஒரு கட்டைக் குரல் கேட்டது.

"மற்றத் தலைப்பைப் பிடி, பிள்ளை. அது உன்னைக் கடிக்காது."

முழங்கைக்குக் கீழே உருளை சுட்ட தழும்புகளோடு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றவர்தான் பிலோமினா அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மன்னார்க்காரி. அப்போதே அங்கே மூன்று வருடம் வேலை செய்துவிட்டார்.

அவர் வேலை செய்துகொண்டே பாடுவார். மெல்ல அல்ல, இயந்திரங்களுக்கு மேலால் கேட்க வேண்டும் என்று பாடுவார். அழுக்குத் துணி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிற கிளைவ் என்ற ஜமேக்கர் வண்டியின் விளிம்பில் தாளம் போடுவார். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் முறையாகச் சங்கீதம் படித்த எனக்கு அது முதலில் காதுக்குள் மணல் போட்டதுபோல இருந்தது. சுருதி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரல் கிழிந்தது. கிழிகிற இடத்தில் நிற்காமல் மேலும் போனது.

ஒரு நாள் என்னையறியாமல், விரிப்பின் மறுதலைப்பிலிருந்து, அவர் பாடியதற்கு மேல் ஸ்தாயியில் ஒரு வரி பாடிவிட்டேன். அவர் மடிப்பதை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார்.

"உனக்குத் தொண்டை இருக்கடி. ஏன் அதை இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனி?"

"நீங்கள் பாடுறது எனக்கு வராது அக்கா. உது வேற மாதிரி."

"வர வேண்டாம். நீ மேல நில். நான் கீழ நிக்கிறன்."

அப்படித்தான் தொடங்கியது.

ஏன் இந்த மாதிரிப் பாட்டு என்று பிறகு ஒரு முறை கேட்டேன். கிளைவின் குடும்பம் போகிற தேவாலயம் ரெக்ஸ்டேலில் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம் இருந்தது. கத்தோலிக்கரான அக்கா ஞாயிறு காலை தன் பூசைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே கிளைவின் தேவாலயத்துக்கும் போவார். பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி, கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டு எனக்குச் சொன்னார்.

"ஊரில தம்பியைச் சுட்டுப்போட்டாங்கள். ஆமிக்காரன் அடுத்த ஒழுங்கையில நிக்கிறான். நான் கத்தப்போறன் எண்டு அம்மா என்ர வாயைப் பொத்திப் பிடிச்சவ. விடியும் வரைக்கும் கையை எடுக்கேல்லை. இஞ்ச வந்து அந்தச் சேர்ச்சில பாக்கிறன், ஒரு மனிசி மைக்கைப் பிடிச்சுக்கொண்டு கத்திப் பாடுறா. சனம் எழும்பிக் கைதட்டுது. ஒருத்தரும் அவவின்ர வாயைப் பொத்தேல்லை வசி. அண்டைக்கு நினைச்சன், இதுதான் எனக்கு வேணும் எண்டு."

அதன் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவில்லை. பேட்டிகளில் கேட்டவர்களுக்கெல்லாம், "சம்பளத்தைவிடப் பாட்டு நல்லாயிருந்தது" என்று சொல்லிச் சிரிப்பார்.

கிளைவ் மேளம், அவருடைய மச்சான் கிற்றார், பிலோமினா அக்கா முன்னால், நான் பின்னால். திருமண மண்டபங்கள், பழைய படைவீரர் மன்றங்கள், கோடைகாலத் தெருவிழாக்கள். அக்காவுக்கு மெலனி பிறந்த பிறகு, அவளின் தொட்டில் மேளத்துக்குப் பின்னால் இருந்தது. மெலனியின் தகப்பன் அதிக நாள் தங்கவில்லை. அதைப் பற்றி அக்காவும் அதிகம் கதைக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. தமிழ் வானொலியில் நேயர்கள் கதைக்கிற நிகழ்ச்சியில் ஒரு பெரியவர், "உது பாட்டோ, கத்தலோ?" என்று கேட்டார். சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தொலைபேசியை எடுத்து அந்த நிகழ்ச்சிக்கு அழைத்தார்.

"வணக்கம் அண்ணை. பிலோமினா கதைக்கிறன். நீங்கள் சொன்னது சரி, கத்தல்தான். நீங்கள் உங்கட வாழ்க்கையில ஒருக்காலும் கத்தினதில்லையோ?"

அந்தப் பெரியவர் இன்னும் இணைப்பில்தான் இருந்தார். அவர், "கத்தியிருக்கலாம், பிள்ளை. இடம் கிடைக்கேல்லை" என்றார். அடுத்த மாதம் ஸ்காபரோவில் நடந்த எங்கள் நிகழ்ச்சிக்கு அவர் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தார்.

அவரை நாடறியச் செய்த பாட்டு அந்த நிலக்கீழ் மண்டபத்தில் பிறந்தது. வரிகள் ஆங்கிலம். திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் மட்டும் மூன்று தமிழ்ச் சொற்கள்: மற்றத் தலைப்பைப் பிடி. இரண்டு பேர் ஒன்றைத் தூக்கும்போது ஒருவர் விட்டுவிட்டால் மற்றவருக்கு என்ன நடக்கும் என்பதுதான் பாட்டு. தமிழ் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அதை எங்களோடு சேர்ந்து பாடினார்கள். பஸ்களின் பக்கவாட்டில் அவருடைய படம் போனது. ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படத்தைக் கொழுவியிருந்தார். அக்கா அதைக் கண்டு, "மாதாவுக்குப் பக்கத்தில வேண்டாம் அண்ணை, அவவுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும்" என்று கழற்றுவித்தார்.

பேர் வந்த பிறகும் ஒரு பழக்கம் மாறவில்லை. எந்த ஊரில் எந்த ஹோட்டலில் தங்கினாலும், புறப்பட முன்னர் கட்டில் விரிப்பை உருவி, மடித்து, வாசலருகே வைப்பார். "கீழ நிக்கிற பிள்ளையளுக்கு ஒரு கட்டில் மிச்சம்" என்பார். எங்களை ஏற்ற வந்த வான்காரர் கீழே ஹோர்ன் அடிப்பார். அக்கா தலையணை உறையைக் கழற்றிக்கொண்டு நிற்பார்.

அந்தக் குரலை அவர் செலவழித்த விதத்தில் அது நிலைக்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது இசைத்தட்டுப் பதிவு தொடங்கி இரண்டாம் கிழமை, பாடிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்று கைக்குட்டையில் துப்பினார். இரத்தம். குரல்நாணில் கட்டிகள், ஒன்று வெடித்திருக்கிறது, ஆறு மாதம் பாடக் கூடாது, மெதுவாகக் கதைக்கக்கூடக் கூடாது என்று வைத்தியர் சொன்னார்.

இசைத்தட்டு நிறுவனம் காத்திருக்க விரும்பவில்லை. பயணத்துக்கான மண்டபங்கள் எல்லாம் பிடித்தாகிவிட்டது. தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். உயரமான இடங்களை மட்டும் அவர் குரல்போலவே பாடித் தர முடியுமா என்று கேட்டார். பத்து வருடமாக அவருக்குப் பின்னால் நின்று, அவர் எங்கே மூச்செடுப்பார், எங்கே கிழிப்பார் என்று தெரிந்தவள் நான். பாடினேன். உயரமான இடங்கள் என்று தொடங்கியது. முடிகிறபோது இரண்டு பாட்டு முழுக்க என் குரல். மற்றத் தலைப்பைப் பிடி என்ற அந்தப் பாட்டையும் புதிதாகப் பதிந்தார்கள். அதன் உச்சமும் என்னுடையது.

அக்கா பதிவறைக் கண்ணாடிக்கு அப்பால் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தார். கதைக்கக் கூடாது என்பதால் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார்: "வசியின்ர பேர் அட்டையில் வர வேணும்." தயாரிப்பாளர் தலையாட்டினார். அட்டை அச்சாகி வந்தபோது, கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லப்பட்ட இருபது பேரில் பதினேழாவதாக என் பெயர் இருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் கையெழுத்தும் வைத்திருந்தேன். அக்காவும் வைத்திருந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்கு அதில் குறை இருக்கவில்லை. எனக்கு ராஜன் என்ற நல்ல கணவர், கைக்குழந்தை, கூடவே மாமா மாமி. மேடையில் பின்வரிசை எனக்கு வசதியாக இருந்தது. முகத்தில் வெளிச்சம் விழாத இடத்தில் நின்று பாடுவதில் ஒரு சுகமும் இருந்தது. அந்த இசைத்தட்டுத்தான் எல்லாவற்றிலும் கூட விற்றது. ஒரு பெரிய பத்திரிகை, பிலோவின் குரல் புதிய உயரத்தைத் தொட்டிருக்கிறது என்று எழுதியது. அக்கா அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, பத்திரிகையை நான்காக மடித்து, கதிரையில் தன் கீழே வைத்து அதன் மேல் இருந்துகொண்டார். அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை.

அந்தக் கோடையில் ஏரிக்கரையில் பெரிய திறந்தவெளி நிகழ்ச்சி. அதற்கு முதல் நாள் மார்க்கம் நகரில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில், என் காருக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். குரல் பாதிதான் திரும்பியிருந்தது. மேடையில் உயரமான இடங்களை நான் பின்னால் நின்று பாடுவேன், அவர் வாயசைப்பார் என்று ஏற்பாடு.

"எனக்குக் கண்ணாடி பாக்க ஏலாமல் கிடக்கு வசி. நாளைக்குச் சொல்லப்போறன்."

"அக்கா, வேண்டாம். கும்பிட்டுக் கேக்கிறன். எனக்கு ஒரு பேரும் வேண்டாம். என்னை இப்படியே விட்டுடுங்கோ."

"உன்ர குரலைக் களவெடுத்து வைச்சுக்கொண்டு நான் எப்படி நிக்கிறது?"

"நான் தந்தனான். களவில்லை."

அவர் "ம்" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள், வெயில் இன்னும் இறங்கவில்லை. புல்வெளி முழுக்கச் சனம். அந்தப் பாட்டின் உச்சத்துக்கு இரண்டு வரி முன்னால் அக்கா கையை உயர்த்தினார். கிளைவ் நிறுத்தினார். அக்கா பின்னால் நடந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் காலை ஊன்றி நின்றேன். இழுத்தார். அந்தக் கைகளின் பலம் யாருக்கும் வராது. முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, சனத்துக்குச் சொன்னார்: நீங்கள் இசைத்தட்டில் கேட்டு வந்த குரல் என்னுடையதல்ல. இவவினுடையது. பேர் வசந்தி. உங்களுக்குப் பொய் சொன்னதற்கு என்னை மன்னியுங்கள்.

சிலர் கைதட்டினார்கள். கன பேர் கூக்காட்டினார்கள். யாரோ ஒரு தண்ணீர்ப் போத்தலை எறிந்தார்கள். அது என் தோளில் பட்டது. என் வாயிலிருந்து ஒரு சுரமும் வரவில்லை. அந்தப் பாட்டு அன்று முடியவேயில்லை.

பத்திரிகைக்காரர் வீட்டு வாசலில் நின்றார்கள். கள்ளக் குரல் என்று தலைப்புப் போட்டார்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்று என் கல்யாணப் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. மாமா ஒரு மாதம் கோயிலுக்குப் போகவில்லை. நான் கையெழுத்து வைத்த பத்திரத்தைக் காட்டி நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. ராஜன் அதை மேசையில் வைத்துவிட்டு மறுபடி எடுத்து வாசித்தார்.

இரண்டு கிழமை கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னேன்.

"உங்கட மனச்சாட்சியைத் தோய்க்கிறதுக்கு என்னைச் சவர்க்காரமாக்கிப் போட்டீங்கள். இனி இஞ்ச வராதேங்கோ."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "சரி, பிள்ளை" என்றார். படியால் இறங்கிப் போனார். அவருடைய கார் தெருமுனையில் திரும்புகிறபோது சைகை விளக்குப் போடாமல் திரும்பியது. அவர் ஒருநாளும் போடுவதில்லை. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

பதினொரு வருடம் நாங்கள் கதைக்கவில்லை.

வக்கீலிடமிருந்து மறுபடி கடிதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கவுமில்லை. நிறுவனம் அக்காவைக் கைவிட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். மண்டபங்கள் இல்லை, வானொலி இல்லை. அவர் ஒரு முதியோர் இல்லத்தில், மறுபடி உடுப்புத் தோய்க்கிற பகுதியில்தான், வேலைக்குப் போகிறார் என்றார்கள். பிறகு மெல்ல மெல்லச் சின்ன இடங்களில் பாடத் தொடங்கினார். பிரிந்து ஏழாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நகரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மதுச்சாலையில் அவர் பாடுகிறார் என்று விளம்பரத்தில் கண்டு, ராஜனிடம்கூடச் சொல்லாமல் போனேன். தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

அறுபது பேர் இருந்திருப்பார்கள். அந்தக் குரல் முழுக்கச் சிதைந்திருந்தது. தாழ்ந்து, கரடாகி, இடையிடையே காற்றாகப் போய்விடும். ஆனால் நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. மறைக்க ஒன்றுமில்லாதவர் பாடுகிற பாட்டு. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியை முகத்தில் வைத்து அழுதார்.

கடைசியாக அந்தப் பாட்டு வந்தது. உச்சம் வருகிறபோது அக்கா மைக்கிலிருந்து ஓரடி விலகி நின்றார். கிளைவின் மேளம் மட்டும் எட்டுத் தாள அடி போனது. குரல் இல்லை. பிறகு அக்கா மறுபடி கிட்ட வந்து கீழ் வரியிலிருந்து தொடர்ந்தார். சனம் அது அவருடைய பாணி என்று நினைத்தது. வேறொரு பெண்ணைப் பின்னால் நிறுத்தியிருக்கலாம். பாட ஆட்களா இல்லை? அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அது யாருடைய இடம் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

நான் எழும்பி அவரிடம் போயிருக்க வேண்டும். கைதட்டல் முடிய முன்னர் வெளியே வந்து காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் எனக்குத் திரும்பத் தரப்படக்கூடிய ஒரு பின்னேரம் இருக்குமென்றால் அதைத்தான் கேட்பேன்.

நாலு வருடம் கழித்து என் அம்மா இறந்தார். ஸ்காபரோவில் ஈமக்கிரியை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் யாரோ கோப்பைகளைக் கழுவுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டபடி பிலோமினா அக்கா. முடி நரைத்திருந்தது. நான் கதவடியில் நின்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இப்ப ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றார் திரும்பாமல். "அந்தத் துவாயை எடுத்துத் துடை. சனம் தேத்தண்ணிக்குப் பாத்துக்கொண்டிருக்குது."

துடைத்தேன். அழுதுகொண்டே துடைத்தேன். எண்பது கோப்பை இருக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றாகப் பாடவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் மீன் வாங்கப் போனோம். மெலனியின் பட்டமளிப்புக்குப் போனோம். ஒரு குளிர்காலம் முழுக்க இருவரும் நீச்சல் பழக முயன்று, அக்கா தண்ணீருக்குள் இறங்கி நின்று பழக்குகிறவரோடு கதைத்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவர், நீந்தத் தெரியாது. பழைய கதையை நாங்கள் எடுக்கவில்லை. எடுக்க நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதனால்தான் மூச்சு. சிறுபிள்ளைகள் எழுதிப் பழகுகிற வெள்ளைப் பலகை ஒன்றை மெலனி வாங்கிக் கொடுத்தாள். அந்தக் குரல், பல்லாயிரம் பேரை எழுப்பி நிறுத்திய குரல், கடைசியில் நீலப் பேனையால் எழுதப்பட்டுக் கையால் அழிக்கப்பட்டது.

மருத்துவமனை நடையில் வைத்துத்தான் கிளைவ் எனக்கு அதைச் சொன்னார். எனக்குத் தெரியும் என்றே இத்தனை வருடமும் அவர் நினைத்திருந்தார். அந்த ஏரிக்கரை நிகழ்ச்சிக்குப் பிறகு, நான் வாசலில் வைத்துத் துரத்திவிட்ட அடுத்த நாள், அக்கா நிறுவனத்துக்குப் போயிருக்கிறார். குற்றம் முழுக்கத் தன்னுடையது, வசந்தியைத் தொடக் கூடாது என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக அவர்கள் கேட்டது, அவர் எழுதிய பாட்டுகள் எல்லாவற்றிலும் அவருக்கு இருந்த உரிமை. அக்கா கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டார். மற்றத் தலைப்பைப் பிடி என்ற பாட்டு அன்றிலிருந்து சட்டப்படி அவருடையதல்ல.

நான் அறைக்குள் போனேன். கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

அவர் பலகையை எடுத்தார். எழுத நேரமெடுத்தது.

"சொல்லியிருந்தா நன்றிக்காக வந்திருப்பாய். எனக்கு நீ வேணும். நன்றி வேண்டாம்."

"அண்டைக்கு வாசலில நிண்டு நான் சொன்ன சொல்லு..."

அவர் கையால் அழித்துவிட்டு எழுதினார். எழுதும்போதே தோள் குலுங்கியது. அது சிரிப்பு என்று பிறகுதான் விளங்கியது.

"சவர்க்காரம் நல்ல சாமான். எங்களுக்குச் சோறு போட்டது."

பிறகு முகம் மாறியது. இன்னொரு வரி எழுதினார். "உன்னைக் கேக்காமல் இழுத்தது பிழை. உண்மையைச் சொன்னது பிழையில்லை. இரண்டையும் ஒண்டாச் செய்து போட்டன்."

போன மாதம், அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் சிறிய மதுச்சாலைகளில் அவர் பாடியதைக் கிளைவ் பதிந்து வைத்திருந்தார். அதில் அந்தப் பாட்டும் இருந்தது. உச்சத்தில் எட்டு அடி வெறும் மேளத்தோடு. அக்கா பலகையில் எழுதிக் காட்டினார்: "அந்த இடத்தில பாடு. நான் கேக்க வேணும்." கிளைவின் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒலிவாங்கி இருந்தது. வியாழக்கிழமை என்று நாள் குறித்தோம்.

நான் போகவில்லை. கிளைவிடம் தடிமன், மூக்கடைப்பு என்றேன். உண்மையில் தடிமன் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், இருபத்து நாலு வருடம் பாடாத தொண்டையோடு அந்த உயரத்துக்கு ஏற எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த நாள் அக்காவிடம் போய், ஒரு கிழமை வீட்டில் பழகிவிட்டு வருகிறேன், அடுத்த வியாழன் கட்டாயம் என்று சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுதினார்: "கெதியா வா."

செவ்வாய்க்கிழமை காலை அவர் போய்விட்டார்.

அவருக்குக் கேட்கும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது பாடினாலும் கேட்பார் என்கிறார்கள். அப்படி நம்ப எனக்கு விருப்பம்தான். ஆனால் அவர் கேட்டது இரண்டு காதாலும் கேட்க வேண்டும் என்று. பயத்தில் நான் எடுத்துக்கொண்ட அந்த ஒரு கிழமை என்னுடையதல்ல, அவருடையது. இதை அழகான சொற்களால் மூட எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அடக்கம். தேவாலயத்துக்குள் இடம் காணாமல் சனம் படிகளிலும் நின்றது. கிழிந்த தோல் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள், சேலையோடு மன்னார்ப் பெண்கள், பெரிய தொப்பி வைத்த ஜமேக்கப் பெண்கள், முதியோர் இல்லத்தில் அவரோடு வேலை செய்தவர்கள். பாட்டு ஒன்றும் வேண்டாம் என்று அவரே எழுதி வைத்திருந்ததால் யாரும் பாடவில்லை.

கல்லறையில் காற்று கடுமையாக இருந்தது. பெட்டியை இறக்குவதற்கு முன்னர், இறந்தவர்களுக்கான செபத்தைத் தமிழில் தானே சொல்ல வேண்டும் என்று மெலனி கேட்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யாரோ ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த கடதாசி அவள் கையில் படபடவென்று அடித்தது. நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று, முடிவில்லாத ஓய்வைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, உரத்துச் சொன்னாள்:

"நித்திய இளைய பாட்டை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே."

மன்னார்ப் பெண்கள் சிலர் தலை நிமிர்ந்தார்கள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். காதுக்குள் திருத்திச் சொல்லியிருக்கலாம். சுவாமியாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மறுமொழியைச் சொன்னோம். செபத்தை மூன்று முறை சொல்வது வழக்கம். இரண்டாம் முறையும் மெலனி அப்படியே சொன்னாள். மூன்றாம் முறை அவள் கடதாசியைத் தாழ்த்தினாள். "நித்திய..." என்று தொடங்கி, அதற்கு மேல் வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் எடுத்துக் கொடுத்தார். பிறகு பக்கத்தில் நின்றவர், பிறகு நான், பிறகு தமிழ் தெரிந்த எல்லோரும், அந்தக் குளிரில், ஒருவர்கூடத் திருத்தாமல், அந்தப் பிள்ளை சொன்ன பிழையோடேயே சொன்னோம்.

நித்திய இளைய பாட்டை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே.

போயிட்டு வாங்கோ, அக்கா.